பள்ளத்துக்கு முன்னால் வந்த சத்தம்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பழைய கார்களைப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். உங்கள் கையில் இப்போது டேப்லட் இருக்கிறது. பெயிண்டின் கனத்தை அளக்கக் கருவி இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு டார்ச் லைட்டும் இரண்டு காதும். வண்டியை எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் ‘நல்ல வண்டி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வண்டியில் ஒரு குறையும் இருக்கவில்லை. அப்படியும் அது என் தப்புதான்.

முதலில் ஒன்று. சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டிக்கு ஏறுகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். மாமனார் டயரைத் தட்டிப் பார்ப்பார், பிள்ளைகள் பின் சீட்டில் குதிக்கும், மனைவி நிறம் சொல்வார். பெரிய வண்டியிலிருந்து சின்னதுக்கு இறங்குகிறவர் தனியாக வருவார். பழைய வண்டி விற்கிற யார்டில் கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்து வருவார். நாம் கேட்காமலே ஒரு காரணமும் சொல்வார். வைரக்கண்ணுவும் தஞ்சாவூரில் எங்கள் யார்டுக்கு அப்படித்தான் வந்தார்.

“டவுனுக்குள்ள பார்க்கிங்கே கிடைக்க மாட்டேங்குது. பெரிய வண்டிய வச்சுக்கிட்டு சந்துல திருப்ப முடியல. அதான் சின்னதா ஒண்ணு பாக்கலாம்னு” என்றார்.

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. அவருடைய பெரிய டீசல் வண்டி வாசலில் நின்றது, ஏழு பேர் உட்காரும் வண்டி. டயர் நான்கும் தேய்ந்து வழுக்கையாகி இருந்தன. பார்க்கிங் கிடைக்காதவர் டயரை இந்த அளவு தேயவிட மாட்டார். நான் எதுவும் கேட்காமல் டீ வாங்கிவரச் சொன்னேன். பாதி டீயில் அவரே சொன்னார்.

புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. புதிதாக வைத்த கன்று காய்ப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. கொப்பரைக் களத்தை மூடியாயிற்று. இதற்கு நடுவில் மனைவி மலர்க்கொடிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று நாள் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து டயாலிசிஸ் செய்ய வேண்டும். போக வர நூற்றைம்பது கிலோமீட்டர், வாரம் மூன்று தடவை.

“வண்டி டீசல் குடிக்குதுண்ணே. பங்க்ல நிறுத்துனா எனக்கு நெஞ்சு அடைக்குது. வைத்தியத்துக்கு ஆகுறத விட இதுக்கு ஆகுது” என்றார்.

அப்போது யார்டில் ஒரு மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார் நின்றது. ஹாட் ஹேட்ச் என்று இப்போது வீடியோக்களில் சொல்கிறீர்களே, அந்த ரகம். பார்க்க எல்லாச் சின்ன வண்டியும் மாதிரிதான். உள்ளே மட்டும் இன்ஜின் பலமானது, ஸ்பிரிங் இறுக்கமானது, டயரின் பக்கச் சுவர் ஒல்லியானது, சீட் தாழ்ந்து உடம்பைக் கவ்விப் பிடிக்கும். பத்து வருஷப் பழசு. ஒரு கல்லூரிப் பேராசிரியர் குழந்தை மாதிரி வைத்திருந்த வண்டி. வேகமான வண்டியைப் பழசாக வாங்க எல்லாரும் பயப்படுவார்கள் என்பதால் விலை இறங்கிக் கிடந்தது. நிதானமாக ஓட்டினால் அவருடைய பெரிய வண்டி குடிப்பதில் பாதிகூடக் குடிக்காது.

வைரக்கண்ணு பதினெட்டு வயதில் தேங்காய் லாரி ஓட்ட ஆரம்பித்தவர். ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. பைபாஸில் ஓட்டிப் பார்க்கப் போனோம். இரண்டாவது கியரில் கொஞ்சம் அழுத்தினார். வண்டி பாய்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, கூச்சத்தோடு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நான் அந்த வண்டியை ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். அடியில் படுத்துப் பார்த்தேன், பழைய சர்வீஸ் காகிதங்களை எல்லாம் படித்தேன், எந்த உதிரிப் பாகம் திருச்சியில் கிடைக்கும், எதற்குச் சென்னைக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட எழுதிக் கொடுத்தேன். ‘நல்ல வண்டி, தாராளமாக வாங்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. நொந்து வந்தவருக்குச் செலவையும் குறைத்து, ஒரு சந்தோஷத்தையும் கொடுத்து அனுப்புகிறோம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வைரக்கண்ணு திரும்பி வந்தார்.

“அண்ணே, இடது பக்கம் ஒரு சத்தம் வருது. ‘க்ரிக்’குன்னு. ஒவ்வொரு பள்ளத்துலயும் வருது. பட்டுக்கோட்டையில ரெண்டு பேருகிட்ட காட்டிட்டேன். எதையெதையோ மாத்துனாங்க, போகல.”

நானே எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஓட்டினேன். மோசமான ரோடாகப் பார்த்து ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

“நான் பொய்யா சொல்றேன்? நீங்க பாஸ் பண்ணுன வண்டிங்க இது.”

“எப்ப வருது, சொல்லுங்க. காலையிலயா, சூடானப்புறமா?”

யோசித்தார். “ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப வரும். திரும்பிப் போறப்ப இன்னும் அதிகமா வரும். தோப்புக்குப் போறப்ப வர்றதில்ல.”

இந்த இடத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ரோடு வித்தியாசம் என்று நினைத்தேன். “அடுத்த தடவை நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்புறப்ப நானும் பின்னாடி உக்காந்து வர்றேன்” என்றேன்.

சொன்னபடி வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். மலர்க்கொடி அம்மாவை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதுக்கு அறுபது வயதுக்காரர் மாதிரி மெல்ல நடந்து வந்தார். வலது கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. நர்ஸ் ஒருத்தி பின்னாலேயே மருந்துச் சீட்டோடு ஓடிவந்தாள்.

“அம்மா, சனிக்கிழமை வராம இருந்துடாதீங்க. போன மாசம் ரெண்டு நாள் விட்டுட்டு மூச்சு வாங்கிக்கிட்டு வந்தீங்கள்ல, அந்த மாதிரி பண்ணாதீங்க. ரொம்ப ஆபத்து.”

“அன்னிக்கு அவளே உடம்பு நல்லா இருக்கு, வேணாம்னு சொன்னா, சிஸ்டர்” என்றார் வைரக்கண்ணு.

அம்மா காரின் கூரையில் கையை ஊன்றி, ஒரு நிமிஷம் நின்று, பிறகு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி அந்தத் தாழ்ந்த முன் சீட்டுக்குள் இறங்கினார். அதையும் நான் பார்த்தேன். பார்த்தும் மனதில் வாங்கவில்லை. என் காது முழுக்க இரும்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

தஞ்சாவூரைத் தாண்டி, புது ஆறு என்கிற கால்வாயின் கரையோரம் போனோம். குடிநீர்க் குழாய் போடுவதற்காக வெட்டி, சரியாக மூடாத ரோடு. முதல் பள்ளம் வந்தது. க்ரிக்.

“கேட்டீங்களா!” என்றார் வைரக்கண்ணு.

கேட்டேன். ஆனால் அதில் ஏதோ சரியாகப் படவில்லை. அடுத்த பள்ளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். க்ரிக். அதன் பிறகு டயர் பள்ளத்தில் இறங்கியது. இன்னொன்று. மறுபடியும் க்ரிக் முதலில், பள்ளம் பிறகு. இத்தனை வருஷத்தில் அடியில் இருக்கிற ஸ்பிரிங்கோ ரப்பர் புஷ்ஷோ பள்ளத்துக்கு முன்னால் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இரும்புக்கு ரோடு தெரியாது.

கண்ணைத் திறந்து இடது பக்கம் பார்த்தேன். கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்கும் அல்லவா? மலர்க்கொடி அம்மா இடது கையால் அதைப் பிடித்திருந்தார். அடுத்த பள்ளம் தூரத்தில் வரும்போதே கைப்பிடியில் தொங்கி, உடம்பைச் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டார். கைப்பிடியின் திருகு க்ரிக் என்றது. பள்ளம் கடந்ததும் மெல்ல உட்கார்ந்தார்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. சத்தம் வண்டியில் இல்லை, என் கையெழுத்து தப்பவில்லை என்கிற நிம்மதி. அரை நிமிஷம்தான் இருந்திருக்கும். இப்போது நினைத்தாலும் அந்த அரை நிமிஷம் கூசுகிறது. அப்புறம்தான் நர்ஸ் சொன்னது காதில் மறுபடி விழுந்தது. இரண்டு நாள் வராமல் இருந்தது ஏன் என்று புரிந்தது.

ஒரத்தநாட்டில் டீக்கடைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி வைரக்கண்ணு இறங்கினார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா திரும்பாமலே பேசினார்.

“கண்டுபிடிச்சுட்டீங்களாண்ணே?”

“ஆமாம்மா. வலி ரொம்பவா?”

“இடுப்பும் காலும்தான். நாலு மணி நேரம் படுத்துக் கெடந்துட்டு எந்திரிச்சா எல்லாம் புடிச்சுக்குது. எலும்பெல்லாம் வலிக்குது. பழைய வண்டி மெத்து மெத்துன்னு போவும். இது தூக்கிப் போடுது.” டீக்கடைப் பக்கம் பார்த்தார். “அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. மரமெல்லாம் போனதுலேருந்து அவரு சிரிச்சு நான் பாத்ததில்ல. இந்த வண்டி வந்தப்புறம்தான் காலையில பாட்டுப் பாடிக்கிட்டே துடைக்கிறாரு.”

“அதுக்காக ஆஸ்பத்திரிக்கு வராம இருந்தா எப்படிம்மா? உசுரு சமாச்சாரம்.”

“ரெண்டு தடவதான.”

வைரக்கண்ணு எங்களுக்கு இரண்டு டீயும், மனைவிக்குக் கால் டம்ளர் பாலுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். சிறுநீரகம் பழுதானதால் அதற்கு மேல் அந்த அம்மா குடிக்கக் கூடாது. யோசிக்க எனக்கு இருந்த நேரம் வைரக்கண்ணு ரோட்டைக் கடக்கிற நேரம் மட்டுமே.

“நான் சொல்லலம்மா. ஆனா அவரு கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

மறுபடி கிளம்பியதும் வைரக்கண்ணு கேட்டார். “என்னண்ணே, தெரிஞ்சுதா?”

“சத்தம் பள்ளத்துக்கு முன்னால வருதா பின்னால வருதான்னு மட்டும் கவனிச்சுப் பாருங்க” என்றேன். அவரே கண்டுகொள்ளட்டும், அந்த அம்மாவின் ரகசியத்தை நான் உடைத்ததாக இருக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அதில் ஒன்றை மறந்துவிட்டேன். நான் பேசியது அந்த அம்மாவுக்கும் கேட்டது.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பெரிய பள்ளம் ஒன்று வந்தது. நான் கைப்பிடியைப் பார்த்தேன். அதில் கை இல்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தை அப்படியே உடம்பில் வாங்கிக்கொண்டார்.

சத்தமே வரவில்லை.

“அண்ணே, இப்ப வரலையே! போயிடுச்சு பாருங்க!” என்று வைரக்கண்ணு சந்தோஷமாகத் திரும்பினார். திரும்பியவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண் இறுக மூடியிருந்தது. கீழுதட்டைக் கடித்திருந்தார். கண்ணீர் மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தது.

வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்தினார். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

“மலரு, எத்தன நாளா?”

“ஒண்ணுமில்லங்க. நீங்க எடுங்க, போவோம்.”

“எத்தன நாளான்னு கேக்குறேன்.”

“வாங்குன நாள்லேருந்து” என்றார், மிகச் சின்னக் குரலில்.

வைரக்கண்ணு கதவைத் திறந்து இறங்கினார். நானும் இறங்கினேன். என் பக்கம் திரும்பி அவர் கத்தியதைக் கேட்டு வயலில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நல்ல வண்டின்னு சொன்னீங்களே! கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே!”

“நல்ல வண்டிதாங்க. உங்க வீட்டுக்கு ஆகாத வண்டி. உக்காந்து வரப்போறது யாருன்னு நான் ஒரு வார்த்த கேக்கல. நீங்க டயாலிசிஸ்னு சொன்னப்புறமும் கேக்கல. தப்பு என்னோடதுதான்.”

இன்னும் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“கூட்டிட்டு வந்துருந்தா அன்னிக்கே தெரிஞ்சுருக்கும். ‘நானும் வண்டி பாக்க வர்றேங்க’ன்னுதான் சொன்னா. பெரிய வண்டிய விக்கிறத அவ எதுக்குப் பாக்கணும்னு விட்டுட்டு வந்தேன். வெக்கம்ணே. வேற என்ன?”

காருக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டார். “என்னங்க, வெயில்ல உக்காராதீங்க. தலைவலி வந்துரும்.”

அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை.

பின் சீட்டில் என் துண்டையும் அவர் துண்டையும் மடித்துப் போட்டு, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நான் முன்னால் மாறி உட்கார்ந்தேன். பேராவூரணி வரை மாட்டுவண்டி வேகத்தில் போனோம். அந்த வண்டியை அவ்வளவு மெதுவாக யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். நான் பஸ் பிடித்து ஊர் திரும்பினேன்.

மறுநாள் யார்டு முதலாளியிடம் போய் நின்றேன். விற்ற வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு வண்டி மாற்றித் தர வேண்டும் என்றேன்.

“வண்டியில கோளாறா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எதுக்கு எடுக்கணும்? இப்படி ஆளாளுக்கு உக்காந்து பாத்துட்டுப் பிடிக்கலன்னா யார்ட மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

அவர் கேட்டது நியாயம்தான். அவருக்கு அது தொழில். நான் வாதாடவில்லை. “இது என் தப்புங்க. நான் பாத்துச் சொன்னதை நம்பி வாங்குனாரு. இதைச் சரி பண்ணாம இன்னொரு ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட முடியாது” என்றேன். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அன்று என்னால் முடியாது. அவர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, “எந்த வண்டியக் குடுக்குறதா உத்தேசம்?” என்று கேட்டார்.

யார்டில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வண்டி இருந்தது. உயரமான கூரை, டப்பா மாதிரி உருவம், சாம்பல் நிறம். இன்ஜின் சின்னது, பாலம் ஏறும்போது முனகும். சீட் மட்டும் நாற்காலி உயரத்தில் இருந்தது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், அப்படியே உட்காரலாம். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தது. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும்.

வைரக்கண்ணு அதைச் சுற்றி வந்தார். முகத்தில் எல்லாம் தெரிந்தது. சிவப்பு வண்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இந்தத் தடவை மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மா கதவைத் திறந்து, கூரையில் கை வைக்காமல் உட்கார்ந்தார். “நல்லா இருக்குங்க” என்றார்.

“நீ எதுக்குமே நல்லா இருக்குன்னுதான் சொல்லுவ” என்றார் வைரக்கண்ணு.

நான் குறுக்கே போனேன். “இப்ப உக்காந்து பாக்குறது கணக்குல சேராதுங்க. சனிக்கிழமை ஆஸ்பத்திரி முடிஞ்சு, அதே ரோட்டுல ஒரத்தநாடு வரைக்கும் போயிட்டு வந்து சொல்லுங்க. அப்ப காயிதம் எழுதிக்கலாம்.”

தம்பி தங்கைகளே, நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். வண்டியை ஓட்டப் போகிறவரிடம் பேசுங்கள். ஓட்டாமல் உட்கார்ந்து வரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரை வரச்சொல்லுங்கள். அவர் களைத்துப்போய் இருக்கிற நேரத்தில் உட்காரச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க வருகிறவரிடம் இதைக் கேட்பது சங்கடமாக இருக்கும். நன்றாக நடந்துகொள்கிறோம் என்று நினைத்து நாம் கேட்காமல் விடுவோம். நான் அப்படித்தான் விட்டேன்.

சனிக்கிழமை மதியம் சாம்பல் வண்டியை ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பிவைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. காகிதம் எழுதவில்லை, வண்டி இன்னும் யார்டு பெயரில் இருக்கிறது. முதலாளி நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலுக்கு வந்து பார்த்தார். வண்டி எங்கேயாவது நின்றுபோய்விட்டதோ, அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து போன் செய்துகொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

ஐந்து மணி வாக்கில் வைரக்கண்ணுவே கூப்பிட்டார். பக்கத்தில் யாரோ இருப்பது போல ரகசியக் குரலில் பேசினார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒரத்தநாடு வர்றதுக்குள்ள மலரு நல்லாத் தூங்கிட்டா. திருப்புனா முழிச்சுக்குவாளேன்னு அப்படியே ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். இப்ப வீட்டு வாசல்ல நிக்கிறேன். இன்னும் எந்திரிக்கல. எழுப்ப மனசு வரல. காயிதத்த நாளைக்கு வந்து எழுதிக்கட்டுமா?”